துடிக்கத் தெரிந்த குழாய்கள்



இந்த மேசையில் இரண்டு குழாய்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே சி.டி. ஸ்கேனிலிருந்து பிறந்தவை. கழுத்தில் ஏறி, தாடைக்குச் சற்றுக் கீழே இரண்டாகக் கிளைக்கும் தமனி. உள்விட்டம், வளைவு, கிளைக்கும் கோணம் எதிலும் வேறுபாடு கிடையாது. ஒன்று கெட்டிப் பிசினில் முப்பரிமாண அச்சு எடுத்தது. மற்றது நீர் நிறைந்த ஒரு கூழ்மத்தில் வார்த்தது. முன்வரிசை மாணவர்கள் இரண்டையும் கையில் வாங்கி, அழுத்திப் பார்த்துவிட்டு, பின்னால் அனுப்புங்கள். முதலாவது அசையாது. இரண்டாவது அமுங்கும், விட்டால் எழும்.

கண்ணுக்கு இரண்டுமே தமனிதான். ஆனால் உள்ளே துடிப்போடு திரவம் பாயத் தொடங்கியதும் இரண்டும் வேறு வேறு உலகங்கள் ஆகிவிடுகின்றன. வடிவத்தை நகலெடுப்பது இன்று எந்தப் பொறியியல் கல்லூரியிலும் முடிகிற காரியம். நீட்சியை நகலெடுப்பது இன்னும் கடினமாகவே இருக்கிறது. நீட்சி தப்பிய மாதிரியை நம்பி எடுக்கும் முடிவு நோயாளியின் உடலில் போய் நிற்கும். இந்த ஒன்றைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தத்தைப் பெருந்தமனிக்குள் தள்ளுகிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை. தள்ளும் நேரம் ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குதான், மீதி நேரம் இதயம் ஓய்கிறது, நிரம்புகிறது. ஆனாலும் நம் விரல் நுனியில் இரத்த ஓட்டம் நின்று நின்று போவதில்லை. காரணம், பெருந்தமனி தள்ளப்பட்ட இரத்தத்தில் ஒரு பகுதியை வாங்கி விரிகிறது. இதயம் ஓயும்போது சுருங்கி அதை முன்னே அனுப்புகிறது. இதைத் தொடக்கக் காலத்திலேயே எழுத்தில் சொன்னவர்களில் ஒருவர் ஸ்டீவன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். பெண் குதிரை ஒன்றின் தமனியில் பித்தளைக் குழலைச் செருகி, அதோடு நீண்ட கண்ணாடிக் குழாயைச் சேர்த்து, இரத்தம் எட்டடி மூன்றங்குலம் ஏறியதை அவர் அளந்தார். 1733-இல் வெளியான அவருடைய நூல், அக்காலத் தீயணைப்பு எந்திரத்தின் காற்றுக் கலத்தைத் தமனியின் மீள்மைக்கு உவமையாகக் காட்டியது. எந்திரத்தை விட்டு விட்டு அடித்தாலும் அதன் வாயிலிருந்து நீர் ஒரே சீராகப் பீறிடும், அந்தக் கலம் செய்யும் வேலை அது. 1899-இல் ஜெர்மானிய உடலியலாளர் ஓட்டோ ஃபிராங்க் அதற்குக் கணித வடிவம் கொடுத்தார்.

ஆக, தமனி என்பது வழி மட்டுமன்று, பம்பின் ஒரு பகுதியும் அதுதான். பிசினில் அச்சிட்ட குழாயில் வழி மட்டும் இருக்கிறது.

சரி, மென்மையான ரப்பர் குழாயை வைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஏன் போதாது என்பதே இந்தத் துறையின் உயிர்நாடி என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஒரு ரப்பர் வளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே இரு முனைகளில், அதைவிட நீளமான பருத்தி நூலையும் தொளதொளவென்று சேர்த்துக் கட்டுங்கள். இப்போது இழுங்கள். முதலில் ரப்பர் மட்டும் இழுபடும், கை எளிதாகப் போகும். நூலின் தொய்வு தீர்ந்த கணத்தில் கை நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு இழுத்தாலும் சிறிதே நீளும். தமனிச் சுவர் அடிப்படையில் இந்தக் கட்டுதான். ரப்பரின் இடத்தில் எலாஸ்டின் என்ற புரதம், நூலின் இடத்தில் கொலாஜன். கொலாஜன் இழைகள் சுவருக்குள் அலை அலையாக நெளிந்து கிடக்கின்றன. எலாஸ்டினைவிட அவை பல நூறு மடங்கு விறைப்பானவை. ஆனால் நெளிவு நிமிரும் வரை சுமை எதையும் ஏற்பதில்லை. அழுத்தம் ஏற ஏற ஒவ்வொன்றாக நிமிர்ந்து வேலைக்கு வருகின்றன.

இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிய ஆய்வு 1957-இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்திலுள்ள லண்டன் நகரிலிருந்து வந்தது. மார்கோட் ரோச் என்ற இளம் ஆய்வாளரும் அவருடைய பேராசிரியர் ஆலன் பர்ட்டனும் மனித இடுப்புத் தமனித் துண்டுகளை எடுத்துக்கொண்டார்கள். சிலவற்றை டிரிப்சின் நொதியில் ஊறவைத்து எலாஸ்டினைக் கரைத்தார்கள். வேறு சிலவற்றை ஃபார்மிக் அமிலத்தில் இட்டுக் கொலாஜனைக் கரைத்தார்கள். எலாஸ்டின் போன தமனி தொடக்கத்திலேயே விறைப்பாக இருந்தது. கொலாஜன் போன தமனி கடைசி வரை இளகியே நீண்டது. கரைக்காத தமனியின் வரைகோட்டில், முதல் பாதி இரண்டாவதைப் போலவும் பின்பாதி முதலாவதைப் போலவும் இருந்தது. அவ்வளவு எளிமையான சோதனை, அவ்வளவு உறுதியான விடை. அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த கட்டுரைகளில் அது ஒன்று; மாணவர்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டும்.

முதுமையில் தமனி விறைப்பதற்கும் விளக்கம் இங்கேயே இருக்கிறது. எலாஸ்டின் பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும் உருவாகிவிடுகிறது. பிறகு உடல் அதைப் புதிதாகச் செய்வது மிகக் குறைவு. ஆண்டுக்கு மூன்றரைக் கோடிக்கும் மேலான துடிப்புகளில் அது மெல்ல மெல்ல அறுந்துபோக, சுமை கொலாஜனுக்கு மாறுகிறது.

தொடக்கத்தில் இளக்கம், போகப் போக விறைப்பு. இந்த வளைகோடு தமனிக்குப் பாதுகாப்பும் ஆகிறது. நீளமான ரப்பர் குழாய்க்குள் காற்றை ஏற்றிக்கொண்டே போங்கள். ஓர் அழுத்தத்தைத் தாண்டியதும் முழுக் குழாயும் சீராக விரியாது. எங்கோ ஓரிடத்தில் மட்டும் சட்டென்று புடைக்கும். ரப்பரின் வளைகோடு நடுவில் தளர்வதால் வரும் வினை அது. ஆரம் கூடக்கூட, அதே அழுத்தத்தைத் தாங்கச் சுவருக்கு அதிக இழுவிசை தேவை; அந்த நேரம் பார்த்து ரப்பர் தளர்ந்துகொடுக்கிறது. நலமான தமனி இப்படிப் புடைப்பதில்லை. விரியும் விகிதத்தையும் மிஞ்சி அது விறைக்கிறது. ஆகவே பெருந்தமனி வீக்கத்தை ஆராய விரும்புகிறவர் சாதாரண ரப்பரில் மாதிரி செய்தால், ரப்பரின் நோயை நோயாளியின் நோயென்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

இனி அலைக்கு வருவோம். மணிக்கட்டில் நாம் தொட்டுப் பார்க்கும் நாடி, வந்து சேரும் இரத்தம் அல்ல. சுவர் வழியாக ஓடிவரும் அழுத்த அலை. இரத்தத்தைவிடப் பல மடங்கு வேகமாக அது ஓடும். அதன் வேகத்தை 1878-இல் மோன்ஸ், கோர்ட்டேவெக் என்ற இரண்டு டச்சு ஆய்வாளர்கள் வாய்பாடாக்கினார்கள். சுவரின் மீள்மைக் குணகத்தைச் சுவரின் தடிமனால் பெருக்கி, அதைத் திரவத்தின் அடர்த்தியாலும் குழாயின் விட்டத்தாலும் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இளைஞர்களின் பெருந்தமனியில் இந்த வேகம் விநாடிக்கு 5 மீட்டரை ஒட்டி இருக்கும். 10 மீட்டரைத் தாண்டினால் தமனி விறைத்துவிட்டது என்று மருத்துவ வழிகாட்டு நெறிகள் எச்சரிக்கின்றன.

கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆய்வகங்களில் சாதாரணமாகக் கிடைக்கும் சிலிக்கோன் ரப்பரின் குணகம் சுமார் 2 மெகாபாஸ்கல். அதில் 10 மில்லிமீட்டர் ஆரமும் 2 மில்லிமீட்டர் சுவரும் உள்ள பெருந்தமனி செய்கிறோம். வாய்பாட்டில் இட்டால் அலைவேகம் விநாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் வருகிறது. இளைஞருக்குரிய 5 மீட்டர் வேண்டுமென்றால், அதே தடிமனில் குணகம் கால் மெகாபாஸ்கல் அளவே இருக்க வேண்டும், அதாவது எட்டில் ஒரு பங்கு. நாம் இருபது வயது இளைஞரின் ஸ்கேனிலிருந்து அச்சு எடுத்து, எண்பது வயது முதியவரின் தமனியை வார்த்திருக்கிறோம். கிளைகளில் மோதித் திரும்பும் எதிரலையும் அந்தக் குழாயில் சீக்கிரமே திரும்பிவிடும். இதயம் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும்போதே வந்து மோதி, மேல் அழுத்தத்தைக் கூட்டும். பார்வைக்கு அழகான, ஒளி ஊடுருவும், குமிழி ஒன்றுகூட இல்லாத வார்ப்பாக அது இருக்கலாம். அழுத்தமானியில் வரும் அலைவடிவம் வேறு யாருடையதோ.

சுவரை மெல்லியதாக்கினால் சரியாகாதா? ஆகும், ஓரளவுக்கு. பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். இன்னும் இளகிய சிலிக்கோன் வகைகளும் உண்டு. ஆனால் அப்போதும் கிடைப்பது ஓர் அழுத்த எல்லைக்குள் மட்டும் பொருந்தும் மாதிரிதான். 80 முதல் 120 மி.மீ. பாதரசம் வரையிலான அழுத்தத்தில் சரியாக இருக்கும் குழாய், 180-க்கு அழுத்தம் ஏறும்போது தமனியைப் போல விறைக்காது. உயர் இரத்த அழுத்தத்தைப் பற்றிய கேள்வியை அதனிடம் கேட்கக் கூடாது.

தமனிக்கு நீளவாக்கிலும் ஓர் இழுவிசை உண்டு. அறுவை சிகிச்சை நிபுணர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வெட்டிய கணத்தில் தமனி இரு பக்கமும் பின்வாங்கும், ஏனென்றால் உடலுக்குள் அது இழுத்துக் கட்டப்பட்ட நிலையிலேயே வாழ்கிறது. இளமையில் இழுப்பு அதிகம், வயதாக ஆகக் குறைகிறது. அதன் பயனை ஆய்வகத்தில் கண்ணால் பார்க்கலாம். இரண்டு இணைப்பிகளுக்கு நடுவே குழாயை இழுக்காமல் பொருத்தி அழுத்தம் கொடுத்தால், அது நீளமும் கூடி, இடமில்லாமல் வில்லாக வளையும். ஒவ்வொரு துடிப்புக்கும் பாம்பாக நெளியும். முன்கூட்டியே இழுத்துப் பொருத்தினால் அமைதியாகத் துடிக்கும். செலவே இல்லாத திருத்தம் இது, ஆனாலும் பல ஆய்வகங்களில் செய்யப்படுவதில்லை.

தமனியை மோதிரம் மோதிரமாக நறுக்கி, ஒரு மோதிரத்தை ஓரிடத்தில் வெட்டினால், அது தானே விரிந்து வாய் திறக்கும் என்பதும் 1983 முதல் பேசப்பட்டுவரும் செய்தி. சுமையே இல்லாதபோதும் சுவருக்குள் தகைவு உறைந்திருக்கிறது என்பது அதன் பொருள். உயிரியந்திரவியலின் தந்தை எனப் போற்றப்படும் ஒய்.சி. ஃபங் இதை விரிவாக ஆராய்ந்தார். இதுவரை செய்யப்பட்ட மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் இந்த உறைதகைவு இல்லை. தசைச் செல்கள் சுருங்கி விரியும் உயிர்ச்செயலும் இல்லை. அந்த எல்லையை ஒப்புக்கொண்டே மேலே செல்ல வேண்டும்.

பொருள்களில், எனக்கு மிகுந்த நம்பிக்கை தரும் ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். பாலிவினைல் ஆல்கஹால், சுருக்கமாகப் பி.வி.ஏ. நெசவாலைகளில் பாவு நூலுக்குக் கஞ்சி போடப் பயன்படும் அதே வெள்ளைத் தூள். கொங்கு நாட்டு மாணவர்கள் பார்த்திருப்பீர்கள். அதை நீரில் பத்துக்கு ஒரு பங்கு கலந்து, 90 டிகிரியை ஒட்டிய சூட்டில் விடாமல் கிளறினால் தெளிந்த பாகு கிடைக்கும். மேலே ஆடை படியாமல் மூடி வைக்க வேண்டும், குமிழிகள் மேலே வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். பிறகு அச்சில் ஊற்றி, உறைபெட்டியில் மைனஸ் 20 டிகிரிக்குக் கொண்டுபோய், மீண்டும் அறை வெப்பத்துக்கு மெல்லக் கொண்டுவர வேண்டும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள். வெளியே எடுத்தால், பாகு போய் ரப்பர் போன்ற கூழ்மம் வந்திருக்கும். எந்த வேதிப்பொருளும் சேர்க்கவில்லை. நீர் பனியாகும்போது பி.வி.ஏ. சங்கிலிகள் மிச்சமிருக்கும் இடத்துக்குள் ஒதுக்கி நெருக்கப்படுகின்றன. அங்கே நுண்ணிய படிகங்களாக இணைந்துகொள்கின்றன. பனி உருகினாலும் அந்த முடிச்சுகள் அவிழ்வதில்லை. இன்னொரு முறை உறையவைத்து உருக்கினால் முடிச்சுகள் பெருகும், விறைப்பு கூடும். இளைஞரின் தமனி வேண்டுமா, முதியவருடையது வேண்டுமா என்பதைச் சுற்றுகளின் எண்ணிக்கையாலேயே ஓரளவு தீர்மானிக்கலாம்.

முக்கியமான சிறப்பு, இதன் நீட்சி வளைகோடு. சிலிக்கோனைப் போல நேர்கோட்டை ஒட்டி ஓடாமல், தமனியைப் போல இளகித் தொடங்கி விறைத்துக்கொண்டே போகிறது. எடையில் பெரும்பகுதி நீர் என்பதால் எம்.ஆர்.ஐ. கருவிக்கும் இது திசு போலவே தெரிகிறது. 1997-இல் சூ, ரட் என்ற இருவர் இந்தக் கூழ்மத்தைத் தமனி ஆய்வுக்கு உகந்த மாதிரிப் பொருளென்று முன்வைத்தார்கள். அவர்கள் வேலை செய்ததும் அதே ஒன்டாரியோ லண்டன்தான். ரோச்சும் பர்ட்டனும் தமனியின் வளைகோட்டைப் பிரித்துக் காட்டிய ஊரிலேயே, நாற்பது ஆண்டுகள் கழித்து அந்த வளைகோட்டுக்கு நெருங்கிய செயற்கைப் பொருளும் முன்வைக்கப்பட்டது. பிறகு 2006-இல் அங்கேயே வான்கை வான் குழுவினர் இன்னும் ஒரு படி முன்னே போனார்கள். உறைந்து உருகும் சுற்றுகளுக்கு நடுவே கூழ்மத்தை ஒரு திசையில் இழுத்தே வைத்திருந்தார்கள். அந்தத் திசையில் விறைப்பு அதிகமாகக் கூடியது. தமனியும் சுற்றுவாக்கில் ஒரு மாதிரியும் நீளவாக்கில் இன்னொரு மாதிரியும் நடந்துகொள்ளும் பொருள்தான்.

குறைகளும் உண்டு. நீரிலிருந்து எடுத்து வைத்தால் காய்ந்து சுருங்கும். நாள்படப் பூசணம் பிடிக்கும். முக்கியமாக, உருகும் வேகம் மாறினால் விறைப்பு மாறிவிடும். நள்ளிரவில் மின்சாரம் நின்று உறைபெட்டி சூடேறினால், அன்றைய வார்ப்பை நம்ப முடியாது. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு சோதனைத் துண்டையும் சேர்த்து வார்த்து, அதை இழுத்துப் பார்த்த பிறகே குழாயைப் பயன்படுத்த வேண்டும்.

இன்னொரு வழியை அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் எடுத்தார்கள். முப்பரிமாண அச்சில் கிடைக்கும் பொருள்களில் எதுவுமே தமனி போல விறைத்துக்கொண்டு போவதில்லை. அதனால் இளகிய பொருளுக்குள், கெட்டியான பொருளில் அலைவடிவ இழைகளைச் சேர்த்தே அச்சிட்டார்கள். இழுக்கும்போது அலை நிமிர்கிறது, நிமிர்ந்த பின் விறைக்கிறது. கொலாஜனின் சூத்திரமேதான். அலையின் உயரத்தையும் நீளத்தையும் மாற்றினால் வளைகோட்டையும் வேண்டியபடி மாற்றலாம். இந்த முறையில் நோயாளிகளின் பெருந்தமனி வேரை அச்சிட்டு, அதற்குள் கதீட்டர் வழியாக வைக்கும் வால்வை விரித்துப் பார்த்த ஆய்வு 2017-இல் வந்தது. பீட்மான்ட் இதய நிறுவனத்தோடு சேர்ந்து செய்தார்கள். ஏற்கெனவே சிகிச்சை முடிந்த 18 பேரின் மாதிரிகளில், வால்வின் ஓரமாக இரத்தம் கசிந்தவர்களையும் கசியாதவர்களையும் பிரித்தறிய முடிந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும், சுவர் எப்படி இணங்கும் என்பது தெரிந்தால் கசிவை முன்கூட்டியே ஊகிக்கலாம் என்று காட்டிய ஆய்வு.

குழாய்க்குள் ஓடும் திரவத்தைப் பற்றியும் இரண்டு சொல். நீரும் கிளிசரினும் ஆறுக்கு நான்கு என்ற அளவில் கலந்தால் இரத்தத்தின் பாகுநிலை கிட்டத்தட்ட வந்துவிடும். ஆனால் ஒளியால் ஓட்டத்தைப் படம்பிடிக்க விரும்பினால் சிலிக்கோனின் ஒளிவிலகல் எண் 1.41-ஐத் திரவமும் எட்ட வேண்டும். கிளிசரினை மட்டும் கூட்டி எட்டினால் பாகுநிலை ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும். சோடியம் அயோடைடு கலந்து சமாளிக்கிறார்கள். மீயொலிக் கருவிக்கு வேறு தொல்லை. திசுவில் ஒலியின் வேகம் விநாடிக்கு 1540 மீட்டர் என்று வைத்துக்கொண்டே கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. சிலிக்கோனில் அது 1000-ஐ ஒட்டியே இருக்கிறது. எனவே சுவரின் தடிமனைக் கருவி தவறாகக் காட்டும். பி.வி.ஏ. கூழ்மம் திசுவின் அளவுக்கு அருகில் வருகிறது.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று நினைப்பவர்களுக்காகக் காலில் வைத்த ஸ்டென்ட்கள் என்ற உலோக வலைக்குழாய்களின் கதையைச் சொல்ல வேண்டும்.

தமனியில் வைக்கும் ஸ்டென்ட் பத்தாண்டுத் துடிப்பைத் தாங்க வேண்டும், அதாவது ஏறத்தாழ 40 கோடி துடிப்புகள். பத்தாண்டு யாரும் காத்திருக்க முடியாது. ஆகவே மீள்மையுள்ள செயற்கைக் குழாய்க்குள் ஸ்டென்டை வைத்து, இயல்பைவிடப் பல மடங்கு வேகத்தில் துடிக்கவைத்துச் சில மாதங்களில் அந்த எண்ணிக்கையை முடிக்கிறார்கள். இங்கே குழாயின் விறைப்பு தவறினால் முழுச் சோதனையும் தவறும். விறைப்பு கூடுதலாக இருந்தால் குழாய் குறைவாக விரியும், உலோகம் குறைவாக வளையும், பலவீனமான ஸ்டென்டும் தேறிவிடும்.

தொடைத் தமனிக்கு நிக்கல்-டைட்டானியக் கலவையில் செய்த ஸ்டென்ட்கள் பரவியபோது, அந்நாளைய சோதனைகள் பெரும்பாலும் நேரான குழாயின் துடிப்பையே பார்த்தன. 2005-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரிலிருந்து டீர்க் ஷைனர்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு மருத்துவ உலகை உலுக்கியது. சிகிச்சை பெற்ற 121 கால்களை எக்ஸ்ரேயில் பார்த்தபோது 37 சதவீதத்தில் ஸ்டென்டின் கம்பிகள் முறிந்திருந்தன. முறிந்த இடங்களில் மீண்டும் அடைப்பு ஏற்படுவதும் அதிகமாக இருந்தது. தொடைத் தமனி துடிப்பதோடு நின்றுவிடுவதில்லை. நடக்கையில், முழங்காலை மடக்குகையில், மாடிப்படி ஏறுகையில் அது குறுகும், வளையும், முறுக்கும், தசையால் நசுங்கும். இந்த இயக்கங்களை எல்லாம் மாதிரிக்குள் கொண்டுவர வேண்டும் என்ற கட்டாயம் அதற்குப் பிறகே வலுத்தது. அந்த நோயாளிகள் தங்கள் கால்களில் அந்தச் சோதனையைச் செய்து முடித்தார்கள். மாதிரி செய்கிற ஒவ்வொருவரும் அந்த 37 சதவீதத்தை மறக்கக் கூடாது.

ஆகவே என் கருத்து இதுதான். ஒவ்வொரு மாதிரியோடும் அது எதற்கு உண்மையானது என்ற அறிக்கையும் சேர்ந்து வர வேண்டும். எந்த அழுத்த எல்லைக்குள் எவ்வளவு விரியும், அலை என்ன வேகத்தில் ஓடும், நீளவாக்கில் எவ்வளவு இழுத்துப் பொருத்தினார்கள், எந்த வெப்பநிலையில் அளந்தார்கள். இவை இல்லாத மாதிரி அலமாரியில் வைக்கத்தான் ஏற்றது. மருத்துவமனைகளில் வண்ணமயமான அச்சுகளைக் காட்டி அறுவை சிகிச்சையைத் திட்டமிடுகிறார்கள். எங்கே வெட்டுவது, எந்தக் கோணத்தில் நுழைவது என்று பார்க்க அவை உதவுகின்றன, அதை மறுக்கவில்லை. அதே அச்சில் பலூனை ஊதி, எவ்வளவு அழுத்தம் தேவை என்று இளம் மருத்துவருக்குக் கற்பிப்பதைத்தான் வன்மையாக எதிர்க்கிறேன். கை கற்றுக்கொள்ளும் தவறான பாடத்தைத் திருத்துவது மிகக் கடினம்.

இங்கே நமக்கு என்ன வேலை? சென்னை ஐ.ஐ.டி.யின் நலவாழ்வுத் தொழில்நுட்பப் புத்தாக்க மையம் ஆர்ட்சென்ஸ் என்ற கருவியை உருவாக்கியிருக்கிறது. கழுத்துத் தமனியின் படத்தையே எடுக்காமல், மீயொலி எதிரொலியை மட்டும் கொண்டு, சுவர் எவ்வளவு அசைகிறது என்று அளந்து விறைப்பைச் சொல்கிறது. அந்த அசைவு ஒரு துடிப்புக்கு அரை மில்லிமீட்டரை ஒட்டியதுதான். இப்படிப்பட்ட கருவிகள் சொல்லும் எண் சரிதானா என்று பார்க்க, விறைப்பு முன்பே தெரிந்த குழாய் வேண்டும். நல்ல தமனி மாதிரி அங்கே எடைக்கல்லின் இடத்தில் இருக்கிறது.

நம் மக்களின் தமனிக்கு இதில் கூடுதல் அவசரம் உண்டு. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, முதல் மாரடைப்பு வரும் வயது தெற்காசியர்களுக்குச் சராசரியாக 53, மற்றவர்களுக்குக் கிட்டத்தட்ட 59. ஆறு ஆண்டுகள் முந்தி நோயுறும் மக்களின் தமனிச் சுவர் எந்த அழுத்தத்தில் எப்படி நீள்கிறது என்ற அளவைகள் நம் கையில் ஏராளமாக இருக்க வேண்டும். நாமோ பெரும்பாலும் வெளிநாட்டு ஆய்வுகளில் அச்சான வளைகோடுகளை எடுத்து நம் கணினி மாதிரிகளில் இடுகிறோம்.

பைபாஸ் அறுவையில் மார்புத் தமனியின் நுனியும் கால் சிரையின் மிச்சமும் நறுக்கி எறியப்படுகின்றன. பெருந்தமனியில் இணைப்புக்காகத் துளையிடும்போது வட்ட வில்லை ஒன்று வெளியே வருகிறது. நோயாளியின் எழுத்து ஒப்புதலோடும், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும் அவற்றைக் குளிர்ந்த உப்புநீரில் இட்டு, ஒரு நாளுக்குள் ஓர் இழுவை எந்திரத்துக்குக் கொண்டுசேர்த்தால் போதும். எந்திரம் ஏறத்தாழ எல்லாப் பொறியியல் கல்லூரிகளிலும் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள சுமை உணரி இரும்புக் கம்பிக்கானது, ஆயிரக்கணக்கான நியூட்டன் தாங்குவது. தமனித் துண்டுக்கு 10 நியூட்டன் அளவுள்ள உணரி வேண்டும். அதன் விலை எந்தத் துறையின் ஆண்டு நிதியிலும் அடங்கும்.

இந்த அவையிலுள்ள அறக்கட்டளையினருக்கு என் வேண்டுகோள், அடுத்த ஆண்டு நிதியில் ஒரு பகுதியை அப்படி ஓர் உணரிக்கும், ஒரு மாணவரின் உதவித்தொகைக்கும் ஒதுக்குங்கள். மருத்துவ நண்பர்களுக்கு, அறுவை அரங்கில் எறியும் அந்தத் துண்டுகளை வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் விவரங்களோடு, பெயரை நீக்கி எங்களுக்கு அனுப்புங்கள். மாணவர்களே, நீங்கள் அளக்கும் ஒவ்வொரு வளைகோட்டையும் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வையுங்கள். அதற்குப் பொருந்தும் குழாயை வார்த்துக் கொடுக்க எங்கள் ஆய்வகம் அணியமாக இருக்கிறது.